ஆத்துல வெள்ளம் வந்தா நிர்வாகம் என்ன பண்ணணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை சீசன் வந்தாலே அதே கேள்விங்கதான் வருது. யார் முடிவெடுக்கறாங்க, ஏன் முன்னாடியே சொல்லல, போட் ஏன் இன்னும் வரல, முகாமுக்கு போகணுமா வேணாமா. வார்டு கவுன்சிலர், பஞ்சாயத்து செயலர், தன்னார்வலர், ஆத்தங்கரையில குடியிருக்கறவங்கன்னு எல்லாருக்கும் உதவட்டும்னு பதில்களை ஒரே இடத்துல போடறேன். ஒரு விஷயத்தை மட்டும் பல பதில்ல திரும்பத் திரும்ப பார்ப்பீங்க: ஆறு இந்த மட்டத்துக்கு வந்தா இந்த முடிவு, அதை எடுக்கறது இன்னார்னு, வானம் தெளிவா இருக்கும்போதே எழுதி வச்சிருக்கணும். உயிர் போன வெள்ளங்கள்ல பாதி கதை அது இல்லாம போனதுதான்.

வெள்ளம்னு வந்தா கடைசி பொறுப்பு யாருக்கு?

இந்தியால 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு கலெக்டர் தலைவர், மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்ட ஊராட்சித் தலைவர் மாதிரி ஒருத்தர் இணைத் தலைவர். மக்களை வெளியேத்தறது, ரோட்டை மூடறது, அவசரத்துக்கு வண்டியையும் கட்டடத்தையும் எடுத்துக்கறதுன்னு எல்லாத்துக்கும் அந்தச் சட்டத்துல வழி இருக்கு. நெதர்லாந்துல மேயர், ஜெர்மனில பல இடத்துல மாவட்ட நிர்வாகத் தலைவர்னு நாட்டுக்கு நாடு மாறும்.

ஆனா சட்டத்துல ஒரு பதவிப் பேர் இருந்தா மட்டும் போதாதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த அதிகாரி ஃபோன் எடுக்கலன்னா அடுத்து யார், அவரும் ரோடு மூடி வர முடியலன்னா அதுக்கு அடுத்து யார், இந்த மூணு பேரும் கண்ட்ரோல் ரூம் சுவத்துல இருக்கணும். ரெண்டாவது ஆள் முடிவெடுத்துட்டு அப்புறம் மேல சொல்லலாம்கற அனுமதியும் எழுத்துல இருக்கணும், இல்லன்னா அவர் ஒவ்வொண்ணுக்கும் "மேல கேட்டு சொல்றேன்"னுதான் சொல்வார், அவரை குத்தம் சொல்லவும் முடியாது.

தீயணைப்பு, போலீஸ், நீர்வளத்துறை, மின்வாரியம், சுகாதாரம்னு இத்தனை துறை இருக்கே, எல்லாம் ஒண்ணா எப்படி வேலை செய்யும்?

இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. 1970ல கலிஃபோர்னியால பெரிய காட்டுத்தீ வந்தப்போ ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு ஃப்ரீக்வென்சில, ஒவ்வொரு பாஷைல பேசி குழம்பிப் போனாங்க, அந்த அனுபவத்துல இருந்து உருவானதுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம். ஒரே ஒரு கமாண்டர், அவருக்குக் கீழ களத்துல இறங்கறவங்க, திட்டம் போடறவங்க, சாமான் ஏற்பாடு பண்றவங்க, கணக்கு பார்க்கறவங்கன்னு பிரிவு, ஒருத்தருக்குக் கீழ மூணுல இருந்து ஏழு பேர் வரைக்கும்தான் நேரடியா ரிப்போர்ட் பண்ணணும். இந்தியால 2010ல இதையே நம்ம நிர்வாக அமைப்புக்கு ஏத்த மாதிரி இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்னு வழிகாட்டுதலா கொண்டு வந்தாங்க.

நடைமுறைல முக்கியமா பார்க்க வேண்டியது, எல்லா துறைலயும் இருந்து முடிவெடுக்கற அதிகாரம் உள்ள ஒரு ஆள் ஒரே ரூம்ல உக்காந்திருக்காரான்னுதான். மின்வாரியத்துல இருந்து வந்தவருக்கு ட்ரான்ஸ்ஃபார்மரை ஆஃப் பண்ணச் சொல்ற அதிகாரமே இல்லன்னா அவர் அங்க இருந்தும் புண்ணியமில்ல.

அணைல இத்தனை ஆயிரம் கன அடி திறந்தாச்சுன்னு டிவில சொல்றாங்க. அது எங்க தெருவுக்கு வருமா வராதா?

இந்தக் கேள்விக்கு பதில் சொல்றதுதான் உள்ளூர் நிர்வாகத்தோட முதல் வேலைன்னு நான் நினைக்கறேன். ஒரு கன அடின்னா சுமார் 28.3 லிட்டர், நியூஸ்ல சொல்றது வினாடிக்கு எவ்ளோங்கறது. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல இருந்து 29,000 கன அடி திறந்தாங்கன்னா வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல அடையாறுல வருதுன்னு அர்த்தம். ஏரிக்கு கீழ இருந்தும் தண்ணி சேர்ந்தது தனி. ஆனா சைதாப்பேட்டைலயும் கோட்டூர்புரத்துலயும் வீட்டுக்குள்ள இருந்தவங்களுக்கு அந்த நம்பர் என்ன சொல்லுச்சு? ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கு வேண்டியது "உங்க தெருவுக்கு இத்தனை மணிக்கு தண்ணி வரும், இடுப்பளவு நிக்கலாம், இந்த ரோடு வழியா இந்த ஸ்கூலுக்கு போங்க"ங்கற ஒரு வரிதான்.

இதைச் செய்யறது ஒண்ணும் ராக்கெட் விடற வேலை கிடையாது. பாலத்துத் தூண்ல அளவுகோல் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, அதுல ஒவ்வொரு மட்டத்துக்கும் எந்தத் தெருவுல முதல்ல தண்ணி ஏறும், எந்த தரைப்பாலம் முதல்ல முங்கும்னு போன வெள்ளங்கள்ல இருந்து தெரியும், பெரியவங்களைக் கேட்டாலே பாதி வந்துரும். அதை ஒரு அட்டவணையாப் போட்டு ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல என்ன செய்யணும், யார் செய்யணும்னு எழுதினா போதும். கண்ட்ரோல் ரூம்ல வேற எதுவும் இல்லன்னாலும் இந்த ஒரு தாள் இருக்கணும்.

வானிலை மையம் சொன்ன அளவு வரல, இல்ல அதைவிட ஜாஸ்தி வந்துருச்சு. அப்போ கணிப்பை எப்படி நம்பறது?

கணிப்பு ஒரு நம்பரா வந்தாலும் அது ஒரு நம்பர் கிடையாது, ஒரு வரம்பு. 1997ல அமெரிக்கால ரெட் ரிவர்கற ஆத்தங்கரைல கிராண்ட் ஃபோர்க்ஸ்னு ஒரு ஊர். ஆறு 49 அடி ஏறும்னு கணிப்பு, ஊரே சேர்ந்து அதுக்கு மேல மூணு அடி வச்சு கரையை உசத்தினாங்க. வந்தது 54 அடிக்கும் மேல. கிட்டத்தட்ட 50,000 பேர் இருந்த ஊர்ல பெரும்பாலானவங்க காலி பண்ண வேண்டியதாச்சு, தண்ணி சூழ்ந்த டவுன்ல தீயும் பிடிச்சு 11 கட்டடம் எரிஞ்சது. 49ங்கற நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டதுதான் வினை. 45ல இருந்து 55 வரை வரலாம்னு கேட்டிருந்தா முடிவு வேற மாதிரி போயிருக்கும்.

நம்ம பக்கம் 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அப்படி ஒரு மழைக்கு எந்த ஊர்லயும் வடிகால் கிடையாது, தாமிரபரணி கரை தாண்டி ஓடுச்சு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நூத்துக்கணக்கான பயணிகளோட ரயிலே நின்னு போச்சு. அதனால திட்டம் போடும்போது "இதுவரைக்கும் வந்த அதிகபட்சம்"ங்கறதோட நிறுத்தக்கூடாது, அதுக்கு மேல வந்தா எங்க போறதுன்னு ஒரு பக்கம் எழுதி வச்சே ஆகணும்.

எச்சரிக்கை எப்போ விடணும்? சீக்கிரமே விட்டா மக்கள் பயப்பட மாட்டாங்களா?

பயந்து செத்தவங்களை விட தெரியாம செத்தவங்க ரொம்ப ரொம்ப அதிகம்.

2024 அக்டோபர் 29, ஸ்பெயின்ல வலென்சியா. காலைலயே வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தாச்சு. வலென்சியா பல்கலைக்கழகம் அதுக்கு முந்தின நாளே கூடிப் பேசி அன்னிக்கு கிளாஸ் கிடையாதுன்னு அறிவிச்சுருச்சு. மாகாண அவசரக் குழு கூடுனதே சாயங்காலம் 5 மணிக்கு, மக்களோட மொபைலுக்கு எச்சரிக்கை போனது ராத்திரி 8:11க்கு. அதுக்குள்ள பைபோர்ட்டா மாதிரி ஊர்கள்ல தண்ணி தெருவுல ஓடிக்கிட்டிருந்தது, நிறைய பேர் அடித்தளத்துல கார் எடுக்கப் போய் மாட்டிக்கிட்டாங்க. அந்தப் பகுதில மட்டும் 220 பேருக்கு மேல போயிட்டாங்க. ஒரே கணிப்பைத்தான் ரெண்டு பேரும் பார்த்தாங்க, ஒருத்தர் முந்தின நாள் முடிவெடுத்தார், இன்னொருத்தர் மறுநாள் ராத்திரி.

2021 ஜூலைல ஜெர்மனில 'ஆர்'ங்கற ஆத்துப் பள்ளத்தாக்குல வந்த வெள்ளம் இதைவிட மனசை உடைக்கும். ஆத்தோட மேல் பகுதில சாயங்காலமே வீடுங்க முங்க ஆரம்பிச்சுருச்சு, மாவட்டத்துல இருந்து வெளியேறுங்கற உத்தரவு வந்தது ராத்திரி 11 மணிக்கு மேல. கடைசில இருக்கற ஜின்ஸிக் ஊருக்கு தண்ணி வந்தது நடுராத்திரி தாண்டி. அங்க மாற்றுத்திறனாளிகள் இல்லத்தோட தரைத்தளத்துல தூங்கிட்டிருந்த 12 பேர் இறந்து போனாங்க. மேல நடந்ததை கீழ சொல்றதுக்கு மணிக்கணக்குல நேரம் இருந்தது. இதை எழுதும்போதே கை நடுங்குது.

எச்சரிக்கை விட்டு, மக்களை வெளியேத்தி, கடைசில ஒண்ணும் வரலன்னா?

நல்லதுதானே. 1995ல நெதர்லாந்துல ரைன், மியூஸ் ஆறுங்க பெருகி கரைகள் தாங்குமான்னு சந்தேகம் வந்தப்போ சுமார் 2,50,000 பேரை ஆடு மாடோட சேர்த்து வெளியேத்துனாங்க. கரை உடையல, சில நாள்ல எல்லாரும் திரும்பி வந்தாங்க. அங்க அதை தோல்வின்னு எழுதி வைக்கல, அதுக்கப்புறம் ஆத்துக்கே இடம் விட்டுக் கொடுக்கற பெரிய திட்டத்தைத் தொடங்குனாங்க. அடுத்த தடவையும் மக்கள் நம்பணும்னா மட்டும் ஒண்ணு செய்யணும்: ஏன் வெளியேத்தினோம், ஆறு எதுவரைக்கும் வந்துச்சுன்னு திரும்பி வந்தவங்ககிட்ட நேரா விளக்கணும்.

எந்த வழியா சொன்னா எல்லாருக்கும் போய்ச் சேரும்?

ஒரு வழி போதாது. மொபைல் டவர் மூலமா அந்தப் பகுதில இருக்கற எல்லா ஃபோனுக்கும் ஒரே நேரத்துல போற செல் ப்ராட்காஸ்ட் ரொம்ப நல்லது, ஜெர்மனில 2021 வெள்ளத்துக்கு அப்புறம்தான் அது நாடு முழுக்க வந்துச்சு. கரன்ட் போய் சில மணி நேரத்துல டவர் பேட்டரி தீர்ந்துரும், அப்புறம் ஃபோன் வெறும் டார்ச் லைட்தான். ஆட்டோல மைக் கட்டி அறிவிக்கறது, கோயில் மசூதி சர்ச் ஒலிபெருக்கி, வீடு வீடா கதவைத் தட்டறது எல்லாம் கூடவே நடக்கணும். கதவைத் தட்டறவர் தெரிஞ்ச முகமா இருந்தா ஆளுங்க கிளம்புவாங்க, ஆஷா, அங்கன்வாடி, சுய உதவிக்குழு அக்காங்க சொன்னா கேக்கறது யூனிஃபார்ம் போட்டவர் சொன்னா கேக்கறதை விட ஜாஸ்தி.

கண்ட்ரோல் ரூமுக்கு ஃபோன் பண்ணினேன், மணிக்கணக்கா யாரும் வரல. உள்ள என்னதான் நடக்குது?

தமிழ்நாட்டுல மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. எல்லா ஊர்லயும் இதே மாதிரி ஒரு நம்பர் இருக்கும், முதல் ராத்திரி அது நிரம்பி வழியும். வீட்டுல ஒருத்தர் கூப்பிடுவார், அதே வீட்டுக்காக வெளியூர்ல இருந்து மகன், துபாய்ல இருந்து மருமகன், பக்கத்து வீட்டுக்காரர், ட்விட்டர்ல ஒரு முன்பின் தெரியாதவர். ஒரே வீடு அஞ்சு எண்ட்ரியா பதிவாகும், போட் ரெண்டு தடவை அங்க போகும், ரெண்டு தெரு தள்ளி ஃபோன் சார்ஜ் இல்லாத ஒரு பாட்டி வீட்டுக்கு ஒரு தடவைகூட போகாது.

நல்ல கண்ட்ரோல் ரூம்ல ஃபோன் எடுக்கறவர் கைல ஒரு ஃபார்ம் இருக்கும். கதவு நம்பர், தெரு, பக்கத்துல என்ன அடையாளம், எத்தனை மாடி, எத்தனை பேர், அதுல குழந்தை, கர்ப்பிணி, படுத்த படுக்கையா இருக்கறவங்க, டயாலிசிஸ் இன்சுலின் தேவைப்படறவங்க யாராச்சும் உண்டா, தண்ணி இப்போ முழங்காலா இடுப்பா நெஞ்சா, ஒரு மணி நேரம் முன்னாடி எங்க இருந்துச்சு. கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம், ஏன்னா இப்போ முழங்கால்ல இருந்து வேகமா ஏறிக்கிட்டிருக்கற வீடு, நேத்துல இருந்து இடுப்பளவுலயே நிக்கற வீட்டை விட ஆபத்து. அந்த ஃபார்முக்கு ஒரு நம்பர் போட்டு, அதே முகவரி மறுபடி வந்தா அதே நம்பர்ல சேர்ப்பாங்க. முதல்ல கூப்பிட்டவங்களுக்கு முதல்லன்னு கிடையாது, யாருக்கு நேரம் கம்மியோ அவங்களுக்கு முதல்ல.

எல்லாத்துக்கும் மேல, அந்த நம்பரை மூடணும். போட் டீம் திரும்பி வந்து "நாலு பேரை இறக்கியாச்சு, இன்ன முகாம்ல விட்டாச்சு"ன்னு ஒயர்லெஸ்ல சொன்னாதான் அது முடிஞ்சது. பல ஊர்ல இந்த கடைசி வரிதான் விட்டுப்போகுது, அப்புறம் காப்பாத்தப்பட்டவரையே மறுநாள் வரைக்கும் தேடிக்கிட்டிருப்பாங்க.

நீங்க கூப்பிடும்போது இந்தத் தகவலை ஒரு மெசேஜா டைப் பண்ணி வச்சுக்கோங்க, தப்பிச்சு வெளிய வந்துட்டா மறக்காம திரும்பச் சொல்லுங்க.

மீனவர்கள், இளைஞர்கள்னு உதவிக்கு வர்றவங்களை நிர்வாகம் ஏன் தடுக்குது?

தடுக்கக்கூடாது, சேர்த்துக்கணும். 2018 ஆகஸ்ட்ல கேரளால கடற்கரைல இருந்து மீனவர்கள் லாரில போட்டை ஏத்திக்கிட்டு உள்நாட்டுக்கு வந்தாங்க, 669 படகு, கிட்டத்தட்ட 65,000 பேரைக் காப்பாத்துனாங்கன்னு அரசே சொன்னது. அது நல்லா நடந்த இடங்கள்ல ஒரு ஒழுங்கு இருந்தது: ஒவ்வொரு படகுலயும் அந்த ஏரியா தெரிஞ்ச உள்ளூர் ஆள் ஒருத்தர், எங்க போகணும்னு லிஸ்ட், டீசல் எங்க கிடைக்கும்னு தகவல். கடல் தெரிஞ்சவருக்கு தெருவுக்கு அடில இருக்கற காம்பவுண்ட் சுவரும் கம்பி வேலியும் தெரியாது, ப்ரொப்பல்லர் அதுல மாட்டினா படகு திரும்பிரும்.

உதவிக்கு வர்றவங்களுக்கு வாசல்லயே ஒரு மேஜை போட்டு பேர், ரத்த வகை, நீச்சல் தெரியுமா, என்ன வண்டின்னு எழுதிக்கிட்டு ஒரு வேலையைக் கொடுத்துட்டா பாதி கூட்டம் குறையும். நீச்சல் தெரியாதவங்களுக்கும் எத்தனையோ வேலை இருக்கு, ஃபோன் எடுக்கறது, முகாம்ல பேர் பதியறது.

ரோட்டுல கொஞ்சம்தான் தண்ணி ஓடுது, வண்டில போயிரலாமா?

வேணாம். வேகமா ஓடற தண்ணி 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவங்களையும் தள்ளிரும், 30 சென்டிமீட்டர்ல சின்ன கார் மிதக்கும், 60 இருந்தா பெரும்பாலான வண்டிங்க போயிரும். தரைப்பாலத்துல ரோடே அரிச்சுப் போயிருந்தாலும் மேல இருந்து பார்த்தா தெரியாது. நிர்வாகம் அங்க ஒரு பேரிகேடு மட்டும் வச்சா பத்தாது, ஆள் நிக்கணும்.

கரைல மணல் மூட்டை அடுக்கறதுக்கு ஏதாச்சும் முறை இருக்கா?

இருக்கு, தப்பா அடுக்கினா அத்தனை பேர் உழைப்பும் வீண். மூட்டையை முழுசா ரொப்பக்கூடாது, பாதியோ மூணுல ரெண்டு பங்கோ போதும், அப்பதான் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உக்காரும். செங்கல் அடுக்கற மாதிரி மூட்டுக்கு மேல மூட்டு வராம மாத்தி மாத்தி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதிச்சு அமுக்கணும். அடிப்பக்கம் உயரத்தைப் போல மூணு மடங்கு அகலம் வேணும், அதனால ஒரு மீட்டர் உயரத்துக்கே எக்கச்சக்க மூட்டை ஆகும், எங்கெங்க போடறதுன்னு முன்னாடியே தேர்ந்தெடுத்துக்கணும்.

இன்னொண்ணு, கரைக்கு இந்தப் பக்கம், ஊர்ப்பக்கம் தரைல இருந்து தண்ணி கொப்புளிச்சு வரும். தெளிஞ்ச தண்ணியா இருந்தா ஆள் போட்டு கண்காணிக்கலாம். கலங்கி மண்ணோட வந்தா கரைக்கு உள்ளயே மண் அரிச்சு போகுதுன்னு அர்த்தம், உடனே இன்ஜினியரைக் கூப்பிடணும். அவர் வர்ற வரைக்கும் அந்த ஓட்டையை அடைக்கப் போகாதீங்க, அடைச்சா பக்கத்துல இன்னொரு இடத்துல பிச்சுக்கும். அதைச் சுத்தி வட்டமா மூட்டை அடுக்கி உள்ள தண்ணியை உசர விட்டா அழுத்தம் குறையும், மண் வர்றது நிக்கும்.

கரன்டை ஏன் நிறுத்தறாங்க?

முங்கின ட்ரான்ஸ்ஃபார்மரும் அறுந்த ஒயரும் ஆளைக் கொல்லும், மீட்பு படகுல இருக்கறவங்களையும் சேர்த்து. ஆனா எத்தனை மணிக்கு நிறுத்தப் போறோம்னு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி சொல்லிட்டா ஃபோன் சார்ஜ் போட்டு, மேல்நிலைத் தொட்டிக்கு தண்ணி ஏத்திக்கலாம். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அடித்தளத்துல இருக்கான்னு சீசனுக்கு முன்னாடியே பார்த்துரணும், அது முங்கினா மாடில இருக்கற நோயாளிக்கும் ஆபத்துதான்.

முகாம்ல என்னென்ன இருக்கணும்?

உலக அளவுல ஒத்துக்கிட்ட குறைந்தபட்ச அளவு: ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணி, ஆரம்பத்துல 50 பேருக்கு ஒரு கழிப்பறை, அப்புறம் 20 பேருக்கு ஒண்ணு. ஒரு ஸ்கூல் ஹால்ல எத்தனை பேர்னு இதை வச்சு கணக்குப் போட்டா நிறைய ஊர்ல முகாமே பத்தாதுன்னு தெரிஞ்சு போகும்.

பொம்பளைங்களுக்கு தனியா தாழ்ப்பாள், லைட்டோட கழிப்பறை இல்லன்னா அவங்க ராத்திரி தண்ணி குடிக்காம இருப்பாங்க, இல்ல முகாமுக்கே வர மாட்டாங்க. நாப்கின், குழந்தைக்குப் பால், பிபி சுகர் மாத்திரை இதெல்லாம் முதல் வண்டிலயே வரணும். ஆடு மாடு நாயை விட்டுட்டு வர மாட்டேன்னு உக்காந்துருவாங்க. 2005ல கத்ரீனா புயல்ல அப்படி நின்னவங்க நிறைய பேர், அதுக்கு அடுத்த வருஷம் அமெரிக்கால பிராணிகளையும் வெளியேத்தற திட்டம் இருக்கணும்னு சட்டமே போட்டாங்க. முகாமுக்குப் பக்கத்துலயே மேடான இடத்துல ஒரு பட்டி இருந்தா இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும்.

தண்ணி வடிஞ்சதும் வீட்டுக்குப் போயிரலாமா?

நிர்வாகம் சொன்னப்புறம் பகல்ல போங்க. மெயின் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு பார்த்துட்டு, குச்சி வச்சு தட்டிக்கிட்டே போங்க, அலமாரிக்கும் பாய்க்கும் அடில பாம்பு இருக்கும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள ஓட்டாதீங்க, அந்தப் புகைல வாசனையே இல்லாம உயிர் போயிரும். கிணறு, தொட்டி எல்லாம் குளோரின் போட்டு சோதிச்சப்புறம்தான், அதுவரைக்கும் கொதிக்க வச்ச தண்ணி. கால்ல புண்ணோட சேத்துல இறங்கறவங்களுக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம், கேரளால 2018ல சேறு அள்ளப் போறவங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தது அதுக்குத்தான். தூய்மைப் பணியாளர்களுக்கு பூட்ஸும் கையுறையும் இல்லாம இறக்கி விடறது எந்த ஊர்ல நடந்தாலும் தப்பு, அதை பார்த்தா கேளுங்க.

எங்களுது சின்ன பஞ்சாயத்து, காசும் இல்ல ஆளும் இல்ல. அடுத்த மழைக்கு முன்னாடி எதைத் தொடங்கலாம்?

முதல்ல போன வெள்ளம் ஒவ்வொரு தெருவுலயும் எதுவரைக்கும் வந்துச்சுன்னு சுவத்துல வருஷத்தோட கோடு போடுங்க, ஒரு டப்பா பெயிண்ட் போதும். அந்தக் கோட்டை வச்சு மேல சொன்ன மட்ட அட்டவணையை எழுதுங்க. மேல இருக்கற ஊர்ல ஒருத்தர், அணைல ஷட்டர் பார்க்கறவர் ஒருத்தர், இந்த ரெண்டு ஃபோன் நம்பரையும் வாங்கி பேசிப் பழகி வைங்க, ராத்திரி கூப்பிட்டா எடுக்கற அளவுக்கு. தனியா நடக்க முடியாதவங்க எந்தெந்த வீட்டுல இருக்காங்க, அவங்களைத் தூக்க யார் வருவாங்கன்னு பேர் பேரா எழுதி, ஒரு காப்பி வார்டு உறுப்பினர் வீட்டுலயும் ஒரு காப்பி ஸ்கூல்லயும் வைங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு, பாலத்துல இன்ன அளவு தண்ணி வந்துருச்சுன்னு வச்சுக்கிட்டு, உண்மையிலேயே ஃபோன் பண்ணி, உண்மையிலேயே ஸ்கூல் சாவியை வாங்கி, கேட்டைத் திறந்து பாருங்க. சாவி வச்சிருக்கறவர் வெளியூர்ல இருந்தா அன்னிக்கே தெரிஞ்சு போகும், இன்னொரு சாவி அடிச்சுக்கலாம்.